மனசின் பாரத்தையும் நிறுத்துப் பார்ப்போம்



கூடையின் பாரத்தைத் தராசு சொல்லிவிடும். காலை நிறுவை, பகல் நிறுவை, அந்தி நிறுவை என்று நாளைக்கு மூன்று தடவை நிறுத்து எழுதிவிடுகிறார்கள். மனசில் ஏறுகிற பாரத்துக்கு அப்படி ஒரு தராசு இல்லை. அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சுமக்கிறவருக்கே பல நேரம் தெரியாது. வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவது அதைவிடப் பிந்தி. வயிற்றோட்டம், இரத்தச்சோகை, பூச்சிமருந்து என்று உடம்புக்கு வரும் கெடுதிகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வேலையாலும் வீட்டுக் கஷ்டத்தாலும் மனசுக்கு வரும் கெடுதியை இம்முறை படிப்போம்.

"என்னாங்க, பைத்தியத்தப் பத்தியா பேசப் போறீங்க?" என்று சிலர் கேட்கக்கூடும். அப்படியல்ல. காய்ச்சல், இருமல் மாதிரி யாருக்கும் வரக்கூடிய சுகவீனத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகத்தில் வேலை செய்யும் வயதிலுள்ளவர்களில் 100 பேருக்கு 15 பேர் ஏதோ ஒரு மனநோயோடு இருந்தார்கள். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் மட்டும் ஒரு வருடத்தில் 1200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. நம்முடைய லயத்தில் மட்டும் அது இல்லாமல் இருக்குமா?

குளவியும் கடனும்

தேயிலைத் தூருக்குள் கையை விடும்போது குளவிக்கூடு கலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியிலேயே நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு வேகமாகும், வாய் காயும், கால் தானாக ஓடும். ஆபத்து என்று மூளை கண்டதும் அட்ரினலின், கோர்டிசோல் என்ற சுரப்புகள் இரத்தத்தில் கலப்பதால்தான் இப்படி நடக்கிறது. தப்பி ஓடிவந்து ரோட்டோரம் உட்கார்ந்து ஒரு மிடறு சாயத்தண்ணி குடித்தால், கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிப் பழைய நிலைமைக்கு வந்துவிடும். இது நம் உடம்பிலேயே இருக்கும் காவல்.

அடகு வைத்த தோடு முழுகப் போகிறது, செவ்வாய்க்கிழமை வாரக்கடன்காரர் வந்து நிற்பார், மகன் கொழும்புக் கடையிலிருந்து ஒரு மாதமாகப் பேசவில்லை. இந்த மாதிரி யோசனைகளுக்கும் உடம்பு அதே சுரப்பைத்தான் சுரக்கிறது. ஆனால் குளவி போய்விடும். கடன் போகாது. காவலுக்கு வந்த சுரப்பு இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருந்தால் அதுவே கெடுதியாகிறது. தூக்கம் கெடும், வயிறு எரியும், இரத்த அழுத்தம் ஏறும். சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும், கையில் வைத்த பொருள் மறந்துபோகும். இதைத்தான் மன அழுத்தம் என்கிறோம்.

மனச்சோர்வு இதற்கு அடுத்த படி. முன்பு பிடித்திருந்த எதிலும் பிடிப்பில்லாமல் போகும். கோயில் திருவிழாவுக்கு மேளம் கேட்டாலும் எழும்பிப் போக மனம் வராது. பசியிருக்காது, அல்லது கண்டபடி சாப்பிடத் தோன்றும். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே விழிப்பு வந்து, பிறகு கண் மூடாது. 'நான் எதுக்கும் ஒதவாதவ' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வரும். ஒரு நாள் இரண்டு நாள் இப்படி இருப்பது எல்லோருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் இப்படியே இருந்தால், அதை நோயாக எடுத்து வைத்தியம் செய்ய வேண்டும்.

நம்முடைய பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மனசு நோகிறது என்று யாரும் டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. தலைவலி, இடுப்பு வலி, நெஞ்செரிவு, உடம்பெல்லாம் காந்துது என்றுதான் போகிறார்கள். அது நடிப்பல்ல, வலி உண்மையான வலிதான். மனச்சோர்வு உடம்பு வலியாகவும் வரும். பனடோல் கொடுப்பார்கள், அன்றைக்குக் குறையும், அடுத்த கிழமை திரும்பவும் வரும். மாதக்கணக்கில் இப்படி வலி வந்துவந்து போகிறது, இரத்தம் சோதித்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், "மனசுக்கு ஏதும் கஷ்டமா இருக்குங்க" என்று நீங்களாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் டாக்டருக்கும் வழி தெரியும்.

வேலை எப்படி மனசைப் பிழிகிறது

வேலை கூடினால் மனம் நோகும் என்று பொதுவாகச் சொல்வோம். அது முழு உண்மையல்ல. அமெரிக்காவில் ராபர்ட் கராசெக் என்ற ஆராய்ச்சியாளர் 1979இல் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். வேலைப்பளு அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கிற இடத்தில்தான் மன அழுத்தம் மிகவும் கூடுகிறது. லண்டனில் அரசாங்க ஊழியர்களை 1967 தொடக்கம் பல வருடங்கள் கவனித்து வந்த ஆய்வும் இதற்குப் பொருந்திப் போனது. பெரிய பொறுப்பு வகிக்கும் மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு கூட வரும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் கீழ்மட்ட ஊழியர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஜெர்மனியில் பணியாற்றிய யோஹானஸ் சீக்ரிஸ்ட் 1996இல் இன்னொன்றைச் சேர்த்தார். போடுகிற உழைப்புக்கு ஈடாகச் சம்பளமும் மரியாதையும் நிலையான வேலையும் கிடைக்காதபோது மனமும் இருதயமும் சேர்ந்தே கெடுகின்றன என்றார். சம்பளத்தோடு மரியாதையையும் அவர் ஒரே கணக்கில் வைத்ததைக் கவனியுங்கள்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். பிரட்டில் எந்த மலை என்று சொல்கிறார்களோ அந்த மலைக்குப் போக வேண்டும். கொடுத்த நிரையில்தான் கொழுந்து எடுக்க வேண்டும். மழைக்கு ஒதுங்குவதற்கும் கங்காணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். மலையில் கக்கூஸ் இல்லாததால் காலையில் தண்ணீர் குடிக்காமலே போகும் பெண்கள் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் தலைவலியும் களைப்பும் வரும், கை ஓடாது, கிலோ குறையும், ஏச்சு விழும்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று சம்பளச் சபை மூலம் தீர்மானமானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆனது. சம்பளம் கூடியது நல்ல காரியம், அதற்காகப் பாடுபட்டவர்களை மறக்க முடியாது. ஆனால் 1000 ரூபாய் வந்த காலத்தில் பல தோட்டங்களில் கேட்கிற கிலோவும் கூடியது. 18 கிலோ, 20 கிலோ என்று கேட்டார்கள். எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர் போட்டார்கள், அல்லது எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு கொடுத்தார்கள். அதே 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து தேயிலை காய்ந்தது. 2022 செப்டெம்பரில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியது. அந்த இரண்டு வருடத்தில் பட்ட கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் இரவில் தூக்கம் வராவிட்டால் அது அந்த வீட்டாரின் பலவீனம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தராசடியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கூடைக்கு, சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கிறார்கள். எவ்வளவு கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்று தெரியாமல் நிற்பதுதான் மனசை அறுக்கிறது. தராசின் முள்ளைத் தொழிலாளி பார்க்கும்படி வைத்து, கழிப்பதை வாய்விட்டுச் சொல்லி, சிட்டையிலும் எழுதிக் கொடுத்தால், கிலோ ஒன்றும் கூடாவிட்டாலும் மனப்பாரம் குறையும். இதற்குத் தோட்டத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. முதுகு வலிக்காரருக்கும் வயது போனவருக்கும் ரோட்டுக்குக் கிட்டிய நிரையைக் கொடுப்பதும் அப்படித்தான். பத்துப் பேர் முன்னால் ஏசாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதும் அப்படித்தான். கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார் இதைப் படித்தால் கோபிக்க வேண்டாம். மேலேயிருந்து உங்களுக்கும் நெருக்குதல் வருகிறது என்பது எமக்குத் தெரியும்.

ஸ்டோரில் இரவு வேலை செய்கிறவர்களின் பாடு வேறு. பகலில் லயத்தில் பிள்ளைகள் சத்தம், ரேடியோ சத்தம், தகரக் கூரையில் வெயில். நல்ல தூக்கம் கிடைப்பதில்லை. தூக்கம் கெட்டவரின் கை இயந்திரத்துக்குப் பக்கத்தில் தடுமாறும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு இருட்டாக்குங்கள். அந்த மூன்று நான்கு மணி நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் சத்தத்தைக் குறைத்தால் அது ஒருவருடைய விரலைக் காப்பாற்றும்.

நாலு மணிக்கு எழும்புகிறவர்கள்

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு வேலை பிரட்டில் தொடங்குவதில்லை. நாலு மணிக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறாள். அந்தியில் திரும்பி வந்து விறகு, தண்ணீர், சமையல், துவையல். ஆண்கள் பலர் கவ்வாத்தோ கொந்தரப்பு வேலையோ முடித்துப் பகலோடு வந்துவிடுகிறார்கள். வந்தவர் அரிசியைக் கழுவி உலையில் போட்டால் குறைந்துபோக மாட்டார். மன அழுத்தத்துக்கு வில்லையைத் தேடுவதற்கு முன்னால் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பிள்ளை பெற்ற தாய்மாரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், அது தானாக அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே மனமில்லை, தூக்கமில்லை என்றால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். "பச்ச ஒடம்புக்காரி, காத்து கருப்பு அண்டிருச்சு" என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை, அதை நாம் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள் என்றுதான் கேட்கிறோம்.

போத்தல்

"ஒடம்பு அலுப்புக்குக் கொஞ்சம் போட்டா நல்லாத் தூங்கலாம்" என்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் தூக்கம் வருவது நிசம். பிறகு சாராயம் தூக்கத்தைக் கலைத்துவிடும். நடுச்சாமத்தில் விழிப்பு, காலையில் தலைப்பாரம், பிரட்டுக்குப் பிந்தல், பேர் இல்லை, காசு இல்லை, வீட்டில் சண்டை. சாராயமோ கசிப்போ மனசைத் தூக்கி நிறுத்தாது. மூளையின் வேகத்தைக் குறைத்துச் சோர்வைக் கூட்டும் பொருள் அது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வருடக்கணக்கில் ஒவ்வொரு நாளும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிதல் எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே விரதமெடுத்து மாலை போடப் போகிறவர்களும் முதலில் டாக்டரிடம் சொல்லி, மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும்.

மழை இரவுகள்

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலைநாடு முழுவதும் மண்சரிவு கண்டது. இந்த மாதிரி அனுபவத்துக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிப்பதும், கெட்ட கனவு வருவதும், பிள்ளைகள் தாயை விடாமல் பிடித்துக்கொள்வதும், நின்றுபோன படுக்கையில் மூத்திரம் போவது திரும்பத் தொடங்குவதும் இயற்கை. அந்தப் பிள்ளையை ஏசவோ அடிக்கவோ கூடாது. பக்கத்தில் படுக்க வைத்து, மழை கூடினால் எந்தப் பாதையால் எங்கே போவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் காட்டி வையுங்கள். என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால் வைத்திய உதவி தேவை.

அடுத்த காம்பிராவில்

நம் லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அது சங்கடம்தான், ஆனால் இந்த விஷயத்தில் உதவியும்கூட. கீழே வருவது எந்த லயத்திலும் நடக்கக்கூடிய பேச்சு.

"என்னா தங்கச்சி, ரெண்டு நாளா மலைக்கு வரல்ல?"

"ஒண்ணுமில்லக்கா. ஒடம்புக்கு ஏலாது."

"ராத்திரி வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்திச்சு. தூங்குறதில்லையா நீ?"

"தூக்கம் வந்தாத்தானே. படுத்தா கடன் யோசனைதான். பேசாமப் போய்ச் சேந்துட்டா எல்லாருக்கும் நிம்மதின்னு இருக்குக்கா."

இந்த இடத்தில் அக்கா என்ன சொல்கிறார் என்பது முக்கியம். "சீ, வாயக் கழுவு, புள்ளகள நெனச்சுப் பாரு" என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரும். அப்படிச் சொன்னால் தங்கச்சி அதோடு பேச்சை நிறுத்திவிடுவாள், எண்ணம் மட்டும் உள்ளே நிற்கும். அக்கா இப்படிக் கேட்கட்டும்:

"அவ்வளவு கஷ்டமா இருக்கா? உயிர விட்டுறணும்னு யோசன வருதா தங்கச்சி?"

நேரே கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டுவதாகும் என்று பயப்பட வேண்டாம். அது தவறான பயம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். கேட்டால் பாரம் இறங்கும். அவள் அழட்டும். குறுக்கே புத்தி சொல்லாமல் கேளுங்கள். பிறகு, "இன்னைக்கு ராத்திரி நான் ஒங்கூடப் படுத்துக்கிறேன். காலையில ரெண்டு பேருமா டாக்டர்கிட்டப் போவம்" என்று சொல்லுங்கள். அன்றிரவு அவளைத் தனியே விட வேண்டாம்.

வீட்டில் களைகொல்லி, பூச்சிமருந்து எதையும் வைக்கவே வேண்டாம். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கினாலும் வேறிடத்தில் பூட்டி, சாவியை இன்னொருவர் வைத்திருக்க வேண்டும். இது சின்ன விஷயமல்ல. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற கணக்கில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய கணக்குகளில் அதுவும் ஒன்று. அந்த வருடத்திலும் 1998இலும், பிறகு 2008க்கும் 2011க்கும் இடையிலும் மிகக் கொடிய மருந்துகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. அதன் பின் அந்தக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. கஷ்டம் தீர்ந்ததால் இறங்கவில்லை. அந்தக் கெட்ட நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கொடிய விஷம் இல்லாததால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அந்த எண்ணம் கடுமையாக வந்தாலும் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடத்திவிட ஒரு ஆள் துணை வேண்டும்.

தற்கொலைக்கு முயல்வது இலங்கைச் சட்டத்தில் குற்றம் என்றிருந்தது 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

எங்கே போவது

தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லி ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம். எந்த நாளில் கிளினிக் என்று டிஸ்பென்சரியிலோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ முதலில் விசாரியுங்கள், பஸ் காசு வீணாகாது. வைத்தியமும் மருந்தும் இலவசம். போக முடியாத நேரத்தில் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை, தமிழிலும் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

மருந்தைப் பற்றி ஒரு தப்பான பேச்சு லயங்களில் உலாவுகிறது. "அது தூக்க வில்ல, ஒருக்கா போட்டா வாழ்க்க பூரா போடணும்" என்கிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து வேறு, தூக்க வில்லை வேறு. மனச்சோர்வு மருந்து சாராயம் மாதிரி அடிமையாக்காது. ஆனால் அது வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் கிழமையில் வயிற்றுப் பிரட்டலோ தலைச்சுற்றோ இருக்கலாம், அது பெரும்பாலும் போய்விடும். ஐந்து நாள் குடித்துவிட்டு "ஒண்ணும் கேக்கல்ல" என்று எறிகிறவர்கள்தான் அதிகம். சுகமானதும் தாமாக நிறுத்துகிறவர்கள் இன்னும் அதிகம். பல மாதங்கள் எடுக்க வேண்டியிருக்கும், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். மருந்து வேண்டாத கட்டத்தில் இருப்பவர்களுக்குப் பேச்சு மூலமே வைத்தியம் செய்கிறார்கள்.

கிளினிக்குக்குத் தனியாகப் போவதைவிட வீட்டாள் ஒருவரோ நம்பிக்கையான அயலாரோ கூடப் போவது நல்லது. மனம் சோர்ந்தவருக்கு டாக்டர் சொல்வதெல்லாம் ஞாபகத்தில் நிற்காது. எத்தனை நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு எப்படி, வேறு என்ன மருந்து எடுக்கிறார், குடிப்பழக்கம் உண்டா என்பதை முதல் நாளே ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைவிடப் பெரியவர் ஒருவரை எழுதித் தரச் சொல்லுங்கள், பிள்ளையின் தலையில் இந்தப் பாரத்தை ஏற்ற வேண்டாம். பழைய கிளினிக் புத்தகம், அடையாள அட்டை, பகல் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர் எல்லாம் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போங்கள். கிளினிக்கில் கூட்டம் இருக்கும்.